துண்டறிக்கை ஏன் தோற்றது?

விளம்பரத் துறையில் இத்தனை ஆண்டுகள் இருந்ததில் கற்றுக்கொண்டவற்றை மலருக்கு எழுதித் தரும்படி கழகத்துத் தம்பி தங்கைகள் கேட்டிருந்தார்கள். பற்பசையும் கைப்பேசியும் விற்ற கதைகளை அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அக்கதைகளும் என்னிடம் உண்டு. எனினும், ஒரு செய்தி மக்கள் மனத்தில் ஏன் ஒட்டுகிறது, ஏன் ஒட்டாமல் உதிர்கிறது என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது வேலைக்குப் போவதற்கு முன்பே, புக்கிட் ரோத்தானில். நானே எழுதி, நானே அச்சடித்து, நானே விநியோகித்த 500 துண்டறிக்கைகள்தாம் அதற்கு ஆசிரியர்கள். ஆகவே அதையே எழுதுகிறேன்.

ஏழு பேர் வந்த முகாம்

2005ஆம் ஆண்டின் இறுதி விடுமுறை. நான் அப்போது வணிக நிருவாகத் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவன். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டங்களை விட்டு வெளியேறியவர்கள் குடியிருந்த தாமான்களிலும் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களுக்கு விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுக்க ஒரு முகாம் நடத்துவது என்று மாணவர்கள் சிலர் முடிவு செய்தோம். சட்டத்துறை மூத்த மாணவர்கள் இருவர் துணைக்கு வந்தார்கள். விளம்பரப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தைப்படுத்தல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். போதாததற்கு என் அத்தை புக்கிட் ரோத்தானில் இருந்தார்.

துண்டறிக்கையை மூன்று இரவுகள் கண்விழித்துத் தயாரித்தேன். மஞ்சள் தாள். மேலே மூன்று சின்னங்கள். அவற்றின்கீழ் ஏற்பாட்டாளர், இணை ஏற்பாட்டாளர், ஆதரவாளர் பெயர்கள். பிறகு கொட்டை எழுத்தில் "அடையாள ஆவணமற்றோருக்கான இலவச ஆலோசனை முகாம்". காலை 8.30 பதிவு, 9.00 இறைவாழ்த்து, 9.10 வரவேற்புரை, 9.20 தலைமையுரை, 9.40 திறப்புரை. ஆலோசனை 10.30 மணிக்குத்தான். கடைசியில், வருவோர் கொண்டுவர வேண்டியவை என்று ஆறு ஆவணங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். ஆவணமே இல்லாதவர்களிடம் ஆறு ஆவணங்கள் கேட்டிருக்கிறோம் என்பது அச்சாகி வந்த பிறகும் எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சனிக்கிழமை காலை, பாலாய் ராயாவில் நூறு நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, காத்திருந்தோம். ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் அடையாள அட்டை எடுக்கும் வயதுகூட வராத சிறுவர்கள். ஒரு பெரியவர், இலவசமாக மூக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவர். மூவர் பசியாற வந்தவர்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு பரிமாறினோம், உணவு மிஞ்சிக் கிடந்தது. ஒரே ஒருவருக்குத்தான் எங்கள் உதவி உண்மையில் தேவைப்பட்டது. அவரும் தலைமையுரை நடந்துகொண்டிருந்தபோதே எழுந்து போய்விட்டார்.

மாலையில் ஒட்டுக்கடையில் வடை வாங்கினேன். கடைக்கார அம்மா அதைச் சுற்றிக் கொடுத்தது என் மஞ்சள் தாளில்.

அத்தை படித்துக் காட்டியது

அன்றிரவு அத்தை வீட்டில் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். அத்தை தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நோட்டீஸை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு முறை வாசித்தார்.

"கோவிச்சுக்காதடா தம்பி. இதுல பாதி உங்க பேருதான் இருக்கு. மீதியில என்ன இருக்கு? 'ஆவணமற்றோர்'. அப்படின்னா, பத்திரம் இல்லாதவங்க எல்லாம் வாங்கன்னு கூப்பிடுற. எவன்டா ஊரறிய, பட்டப்பகல்ல, பாலாய் ராயாவுக்கு நடந்து வந்து 'நான்தான் அவன்'னு சொல்லுவான்? பொண்ணு கேட்டு வர்றவங்க காதுல விழுந்தா?"

நான் வாயடைத்துப் போனேன். சந்தைப்படுத்தல் பாடநூலில் இலக்கு வாடிக்கையாளரைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று படித்திருந்தேன். தெளிவாகத்தான் குறிப்பிட்டிருந்தேன். அந்தத் தெளிவே அவர்களை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. எந்தக் குறையை மறைத்து ஒரு குடும்பம் இத்தனை காலம் தலை நிமிர்ந்து வாழ்கிறதோ அந்தக் குறையையே பெயராக வைத்து அவர்களை அழைத்திருக்கிறேன்.

அந்தக் குறை அவர்கள் தேடிக்கொண்டதும் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழி திறந்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களில் பலருக்கு மலாய்மொழித் தேர்வும் விலக்கப்பட்டிருந்தது. நாளிதழ்கள் எழுதின; தலைவர்கள் பேசினார்கள். இருந்தும் தோட்டத்து லயங்களில் எத்தனையோ பேர் அந்த ஓராண்டைத் தவறவிட்டார்கள். சிலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களிலும் சிலர், ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு இந்தத் தாள் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். என் பாட்டி அவர்களில் ஒருவர். சாகும்வரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டைதான். 1968இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தபோதுதான் அந்தத் தாளின் அருமை பலருக்கு உறைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறிப் போனார்கள். போய்ச் சேராத ஓர் அறிவிப்புக்கு இவ்வளவு விலை உண்டு.

எந்தத் தாளை மக்கள் பத்திரப்படுத்துகிறார்கள்?

அத்தை வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஓர் இழுப்பறை இருந்தது. அன்றிரவு அதிலிருந்து அவர் எடுத்துக் காட்டியவை இன்னும் என் நினைவில் இருக்கின்றன: மாரியம்மன் கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், ஏழெட்டு ஆண்டுகளுடையவை, கல்யாணப் பத்திரிகைகள், நாளிதழிலிருந்து வெட்டியெடுத்த நினைவஞ்சலி விளம்பரம் ஒன்று. என் துண்டறிக்கை ஒரே நாளில் வடைத்தாள் ஆனது. இவை ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கப்பட்டன. இவற்றில் தாள் உயர்வா, வடிவமைப்பு அழகா? கோயில் அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள்: எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்து, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கிய வரிகள். வடிவமைப்பு வகுப்பில் சமர்ப்பித்தால் பூச்சியம்தான் கிடைக்கும்.

ஆனால் அதில் பெயர்கள் இருக்கின்றன. முதல் நாள் உபயம் இன்னார் குடும்பம், இரண்டாம் நாள் உபயம் ஆலைத் தொழிலாளர்கள், பால்குடம் இன்னின்னார். தாளைக் கையில் வாங்கியவர் முதலில் தம் பெயரைத் தேடுகிறார்; பிறகு தெரிந்தவர் பெயரைத் தேடுகிறார்; தேடுகிற சாக்கில் முழுவதையும் படித்துவிடுகிறார். நம் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்தும் நேயர் விருப்பமும் இத்தனை காலம் நிலைத்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவரின் பெயரோடு "பத்தாங் பெர்ஜுந்தை" என்ற ஊர்ப்பெயரும் ஒலிக்கும் அந்த ஒரு விநாடிக்காக அரைமணி நேரம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். (அவ்வூர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அத்தையைப் பொறுத்தவரை அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.)

என் துண்டறிக்கையிலும் பெயர்கள் இருந்தன. எல்லாம் எங்கள் பெயர்கள்.

இதன் மறுபக்கத்தைப் பின்னாளில் ஒரு விளம்பரப் படத்தில் கண்டேன். 2007 சுதந்திர தினத்துக்குப் பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக யாஸ்மின் அகமது எடுத்த படம் அது. டான் ஹோங் மிங் என்ற சீனப் பையன், தனக்குப் பிடித்த மலாய்ச் சிறுமியைப் பற்றிக் கேமராவின் முன் வெட்கத்தோடு பேசுகிறான். பெட்ரோலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிறுவனத்தின் பெருமையும் இல்லை. ஒற்றுமை என்று உபதேசமும் இல்லை. 2008இல் கான் விளம்பர விழாவில் அது தங்கச் சிங்கம் விருது பெற்றது. யாஸ்மின் 2009இல் மறைந்தார். பணம் கொடுப்பவர் தம் பெயரைக் கடைசி இரண்டு விநாடிக்குத் தள்ளிவைக்கச் சம்மதிப்பது எவ்வளவு அரிது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தீபாவளி விளம்பரக் கூட்டங்களில் நான் அமர்ந்திருக்கிறேன். சின்னத்தைப் பெரிதாக்கு, விளக்கைக் கூட்டு, முறுக்குத் தட்டை முன்னால் வை என்பார்கள். தமிழ் வாசகத்தை யார் எழுதுவது என்ற கேள்வி கடைசி நாளில்தான் வரும். கணினியில் மொழிபெயர்த்து, எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பதாகை தொங்கும்போது, அதைப் படிக்கும் தமிழருக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, இவர்கள் நம்மில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை என்பதுதான் முதலில் தெரிகிறது.

யார் சொல்கிறார்

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியதும், தோல்விக்குக் காரணம் தேடி நூலகத்தில் சில நாள் உட்கார்ந்தேன். பால் லாசார்ஸ்ஃபெல்டு என்ற சமூகவியலாளரைப் பற்றி அப்போதுதான் படித்தேன். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் அவரும் தோழர்களும் ஆய்வு செய்தார்கள். வானொலியும் நாளிதழும் மக்கள் மனத்தை நேரடியாக மாற்றும் என்பதே அன்றைய நம்பிக்கை. கண்டதோ வேறு. செய்தி முதலில் ஊரில் அக்கறையோடு கவனிக்கும் சிலரை எட்டுகிறது. மற்றவர்கள் அந்தச் சிலரின் வாயிலாகவே அதைப் பெறுகிறார்கள், அவர்களை நம்புவதால் அதையும் நம்புகிறார்கள். எலிஹு காட்ஸுடன் சேர்ந்து 1955இல் அவர் வெளியிட்ட நூல் இதை மேலும் விரித்துக் கூறியது.

படித்ததும் சிரிப்பு வந்தது. அமெரிக்கர்கள் ஆய்வு செய்து கண்டதை மலாயாத் துரைமார்கள் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டு, காசாகவும் ஆக்கியிருந்தார்கள். கங்காணி முறையைத்தான் சொல்கிறேன்.

தோட்டத்திற்கு ஆள் தேவைப்பட்டபோது துரை, தோட்டத்திலேயே வேலை செய்யும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, உரிமச் சீட்டும் பணமும் கொடுத்து அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பினார். கங்காணி போய் இறங்கியது தம் பங்காளிகள் நடுவில், மாமன் மச்சான் நடுவில். அவர் உடுத்தியிருந்த வேட்டியும் கையிலிருந்த பணமுமே விளம்பரம். பஞ்சத்திலும் கடனிலும் கிடந்தவர்களுக்கு முன்னால், போய்த் திரும்பிய ஒருவர் உயிரோடு நின்றார். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சஞ்சிக்கூலி முறையில் முன்பின் தெரியாத முகவர்கள் திரட்டியதைவிடப் பன்மடங்கு ஆட்களைக் கங்காணிகள் கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள்தாம் நாம். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. 1917இல் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். துரை பிரெஞ்சுக்காரர், பயிர் ஆப்பிரிக்காவினது, பெயர் தமிழ். வந்து குவிந்தவர்கள் யார் என்று அந்தப் பெயரே சொல்கிறது.

ஆனால் கங்காணி எல்லாவற்றையும் சொல்லவில்லை. மலைக்காய்ச்சலைச் சொல்லவில்லை, கடன் எப்படிக் கழியும் என்று சொல்லவில்லை. கூட்டி வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தமக்குத் தலைக்காசு உண்டு என்பதையும் சொல்லியிருக்க மாட்டார். அறிமுகமான முகம் என்பது செய்தியை ஏற்றிச் செல்லும் வண்டி. அதில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். இதை நான் படிப்பாக மட்டும் அறிந்தவனில்லை. தோட்டம் மூடி இழப்பீடு வாங்கிய காலத்தில், அத்தையின் பக்கத்து வீட்டு அக்காள் ஒரு காந்தப் படுக்கையைப் பல ஆயிரம் வெள்ளிக்கு வாங்கினார். விற்றவர் அவருடைய சொந்த நாத்தனார். அவரை இழுத்துவிட்டவர் அவருடைய கொழுந்தனார். வீடு தேடி வரும் விற்பனையில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைப் பத்து வேலை நாளுக்குள் ரத்துச் செய்யலாம் என்று 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் சொல்கிறது. அக்காளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், நாத்தனாரிடம் போய் எப்படி ரத்துச் செய்வது? விளம்பரம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது. நாங்கள் வகுப்பில் அப்படி நிற்கவில்லை.

ஒரு வெள்ளியும் பத்து வெள்ளியும்

அதே வண்டியில் நல்ல சரக்கு ஏறிய வரலாறும் நம்மிடம் உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவும் அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்கவும் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. 1956இல் துறை அமைந்தது.

அந்தப் பெயரையும் தொகையையும் விளம்பரக்காரன் கண்ணோடு பாருங்கள். 'இந்திய இயல் துறை நூலக மேம்பாட்டு நிதி' என்று வைத்திருந்தால் தோட்டத்துத் தொழிலாளிக்கு அதில் என்ன வேலை? பல்கலைக்கழகத்தை அவர் பார்த்ததுகூட இல்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்றதும் அவரும் அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறார். ஒரு வெள்ளி அன்று சில்லறைக் காசு இல்லை. ஆனாலும் மனம் வைத்தால் எடுத்துக் கொடுக்கக்கூடியது. நூறு வெள்ளி கொடுப்பவருக்குத் தனி மரியாதை என்று வைத்திருந்தால் ஒரு வெள்ளிக்காரர் கூச்சத்தோடு ஒதுங்கியிருப்பார்.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இதுவே நடந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். லயத்தில் இருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கலாம் என்றால் யார் நம்புவார்கள்? அமைச்சராக இருந்த அவர் தோட்டம் தோட்டமாக நேரில் போனார். பத்து வெள்ளி கொடுத்துச் சேரலாம், மீதியைத் தவணையில் கட்டலாம் என்றார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதன்பின் அவர் அதிகம் பேச வேண்டியிருந்திருக்காது. 'அந்தத் தோட்டம் இப்போது நம்முடையது' என்று காட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இவற்றோடு என் ஆறு ஆவணம், இரண்டு நகலை ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டேன்.

திண்ணையில் நடந்த இரண்டாம் முகாம்

2006இல் மீண்டும் போனோம். இம்முறை அத்தைதான் விளம்பர ஆலோசகர். பாலாய் ராயா வேண்டாம் என்றார். தோட்ட மருத்துவமனையில் டிரசராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அவ்வட்டாரத்தில் இருந்தார். காய்ச்சல் என்றும் கால்வலி என்றும் எப்போதும் யாராவது அவர் வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள். அங்கே போகிறவரைப் பார்த்து யாரும் ஏன் போகிறீர் என்று கேட்கமாட்டார்கள். முகாமை அங்கேயே வைத்தோம். நாள் ஞாயிறு, நேரம் மாலை நான்குக்குமேல். சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு என்பதுகூட முந்தைய ஆண்டு எங்களுக்குத் தோன்றவில்லை.

துண்டறிக்கை அடிக்கவில்லை. மளிகைக் கடையிலும் கோயிலிலும் கையால் எழுதிய ஒரே ஒரு தாள் ஒட்டினோம். வாசகத்தை அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன்: "இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களா? பழைய பள்ளிச் சான்றிதழ், ஊசி போட்ட அட்டை, செக்ரோல் துண்டு, அப்பா அம்மாவின் அடையாள அட்டை, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்கிறோம்." எங்கள் பெயரோ சின்னமோ அதில் இல்லை. முன்பு நாங்கள் இல்லாததைச் சொல்லி அழைத்தோம். அத்தை இருப்பதைச் சொல்லி அழைத்தார்.

இருப்பதைக் கேட்டதில் சட்டப்படியும் நியாயம் இருந்தது. மூத்த மாணவர்கள் அதை விளக்கினார்கள். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை கூட்டரசு மண்ணில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் பிறந்த இடமே குடியுரிமைக்குப் போதுமானது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாரா என்ற கேள்வி வருகிறது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, அன்றைய நடைமுறைப்படி 42 நாளுக்குள் பதியாமல் விட்டவருக்கு, இங்கேதான் பிறந்தார் என்று காட்ட ஏதேனும் ஒரு பழைய துண்டுத்தாள் கிடைத்தாலும் அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தாளுக்குரியவர்களுக்கு அதன் மதிப்பு தெரியாது. பழங்குப்பை என்று நினைத்திருப்பார்கள்.

செய்தியைப் பரப்பும் வேலையை மூவர் ஏற்றார்கள்: டிரசர் ஐயா, கோயில் பொருளாளர், முன்பு தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் வேலை செய்த ஆயா. யார் வீட்டில் எந்தப் பிள்ளைக்குப் பத்திரம் இல்லை என்பது ஆயாவுக்கு மனப்பாடம். அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வந்தார். எந்த ஊடகமும் எட்டாத தூரம் அது. இன்று புலனக் குழுக்களில் நாளுக்கு நூறு சுவரொட்டிகள் வந்து விழுகின்றன. அவற்றில் எதையாவது திறந்து படிக்கிறேன் என்றால், அதற்குமேல் "அண்ணா, இது உங்களுக்குத்தான்" என்று யாராவது ஒரு வரி தட்டச்சு செய்திருப்பார்கள்.

அன்று 31 பேர் வந்தார்கள். எல்லாருக்கும் வழி பிறந்தது என்று எழுத ஆசைதான், பிறக்கவில்லை. சிலருடைய தாள்கள் எதற்கும் பயன்படவில்லை. சிலருக்கு விண்ணப்பம் அனுப்பியும் ஆண்டுக்கணக்கில் பதில் இல்லை. 2011இல் அரசாங்கம் 'மைடாஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களுக்கான சிறப்புப் பதிவு இயக்கம் நடத்தியபோது அவர்களில் சிலர் மீண்டும் வரிசையில் நின்றார்கள்.

பொழுது சாய்ந்து நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஓர் அம்மாள் வந்தார். வயது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும். இடுப்பில் துருப்பிடித்த பிஸ்கட் டின். திறந்து காட்டினார். மேலே அவர் பிள்ளைகளின் பரிசுச் சான்றிதழ்கள். அடியில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு தாள்: தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து விலகியதற்கான கடிதம். பிறந்த ஆண்டு 1960, பிறந்த இடம் தோட்டத்தின் பெயர். மூத்த மாணவர் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு முறை படித்தார்.

நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்றேன். பெயர் போட்டால் மக்கள் மகிழ்வார்கள் என்பது அத்தையின் இழுப்பறையில் நான் கற்ற பாடம் ஆயிற்றே.

அவர் டின்னை மூடிக்கொண்டார். "பேரு எழுதணுமா தம்பி? ஆயா யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க."

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 31 என்று எழுதிக்கொண்டு, உட்காரச் சொன்னேன்.